உருளும் குண்டும் உறைபனிப் பெட்டியும்

அன்புள்ள தம்பி,

பெரியதாழைப் பையன் நீ டேப் கம்பெனி சோதனைக்கூடத்தில் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னார்கள். சந்தோஷம். முதலில் உருள்குண்டுச் சோதனையைத்தான் உன் கையில் கொடுப்பார்கள். 21.5 டிகிரி சரிவில், 65 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து 11.1 மில்லிமீட்டர் எஃகுக் குண்டை விட வேண்டும். பசைப்பக்கம் மேலாக விரித்த டேப்பில் அது எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்று அளக்க வேண்டும். தூரம் குறைந்தால் பிசுபிசுப்பு அதிகம். புதிதாக வருகிறவர்கள் இதைத் தலைகீழாக எழுதிவிடுவார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் குண்டைக் கரைப்பானால் துடை. துடைத்தபின் விரலால் தொடாதே, கைப்பிசுக்கு அளவைக் கெடுத்துவிடும். டேப் ரோலின் வெளிச்சுற்று மூன்றைக் கழித்துவிட்டு வெட்டு.

இந்தச் சோதனைமேல் எனக்குப் பெரிய மரியாதை இல்லை. பசை கனமாகப் பூசியிருந்தால் குண்டு அதில் புதைந்து சீக்கிரம் நின்றுவிடும். ஒட்டும் குணம் கூடியதாக அர்த்தமில்லை. டேப்பை வளையமாக்கி எஃகுத் தகட்டில் மெல்ல இறக்கி, மிதமான வேகத்தில் இழுத்து விசையை அளக்கும் லூப் சோதனையை நான் அதிகம் நம்புவேன்.

எதில் அளந்தாலும் அறை 23 டிகிரியில் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து உறைந்த இறாலை ஏற்றுமதி செய்கிறவர் அட்டைப் பெட்டியில் ஒட்டும் டேப்போ மைனஸ் 18 டிகிரியில் கிடக்கும். குளிரக் குளிரப் பசை விறைக்கும். விறைப்பு சுமார் 3 லட்சம் பாஸ்கலைத் தாண்டினால், லேசாக அழுத்தியதும் ஒட்டும் குணம் போய்விடும் என்று 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் 1960-களிலேயே கணித்துவிட்டார். உன் எண் அழகாக இருக்கும், பெட்டி வாய் பிளந்துகொள்ளும்.

ரப்பரிலும் இதே வம்புதான், ஒட்டுமா என்பதை நிலைமைதான் தீர்மானிக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து இயற்கை ரப்பரில் வேகவைக்காத இரண்டு துண்டுகளைச் சேர்த்து அழுத்தினால் தாமாகவே பற்றிக்கொள்ளும், செயற்கை ரப்பரான எஸ்.பி.ஆர். அப்படிப் பற்றாது. ஆனால் கலவையில் போட்ட கந்தகம் மேலே பூத்துவிட்டாலோ, தூசி படிந்தாலோ நல்ல ரப்பரும் கைவிடும். டயர் அடுக்குகிறவரைக் கேள், சொல்வார்.

அதனால், இறால் பெட்டி டேப் வந்தால் எஃகுத் தகட்டை எடுத்து வைத்துவிட்டு அதே அட்டையில், ஒட்டுகிற இடத்து வெப்பநிலையில் ஒட்டிப் பார். பிறகு குளிர் அறையில் வைத்து மறுபடி பார். அறிக்கையில் வெப்பநிலை, ஈரப்பதம், எந்தப் பரப்பு, எத்தனை நொடி அழுத்தினாய் எல்லாவற்றையும் எழுது. மானேஜர் ஒற்றை எண் போதும் என்பார். கூடவே இந்த நாலையும் சேர்த்தே கொடு.

அன்புடன்,
அண்ணன்