லாரி எஞ்சினில் டர்போக் காற்றழுத்தக் குறைவு

புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் மார்க்கமாக நெல் ஏற்றிச் செல்லும் டீசல் லாரி, இழுவை குன்றிக் கரும்புகை கக்குமாயின், டர்போ பழுதாயிற்றென உடனே முடிவு கட்டலாகாது. புது டர்போவின் விலை ஒரு போகத்து ஆதாயத்தையே விழுங்கிவிடக் கூடும்.

எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் விசையால் நிமிடத்திற்கு 1 லட்சம் முறை வரை சுழன்று, எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதே டர்போவின் தொழில். காற்று குறைந்தால் டீசல் முற்றும் எரியாது. கரும்புகை அதனால் வருவதே.

முதற்கண் ஏர் ஃபில்டரைப் பார்க்க வேண்டும். களத்துத் தூசி அடைத்திருக்கும். அடுத்து, டர்போவையும் இன்டர்கூலரையும் இணைக்கும் ரப்பர் குழாய்கள். இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் புழுதியும் படிந்திருந்தால் காற்று அவ்வழியே கசிகிறது எனலாம். தளர்ந்த கிளாம்பை முறுக்குவதே பல சமயம் போதும்.

இவையெல்லாம் செம்மையாயிருப்பின், எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, காற்றுக்குழாயைக் கழற்றி டர்போச் சக்கரத்தை விரலால் சுழற்றுக. அது கூட்டில் உரசினால், பட்டறைக்காரர் சொல்வதை ஏற்கலாம்.