தாத்தாவின் தீட்டுக்கல்லுக்கு ஒரு மணை

கேள்வி: எங்கள் ஊர் திருவேங்கடம். வீட்டில் வெள்ளாடுகள் உண்டு. குழை வெட்டுகிற அரிவாளையும் தொரட்டியையும் தாத்தா வைத்திருந்த கல்லில்தான் தீட்டுகிறோம். கல் ஒன்றேகால் சாண் நீளம். மேல்பக்கம் தட்டை. அடிப்பக்கம் வயிறு தள்ளி, ஓர் ஓரம் ஒல்லி, மறு ஓரம் தடிப்பு. ஒரு முனையில் ஏடு ஏடாகக் கொஞ்சம் பெயர்ந்திருக்கிறது. சாக்கை மடித்து வைத்தாலும், செங்கல் சில்லு கொடுத்தாலும் கல் ஆடுகிறது. தாத்தா காலால் மிதித்துக்கொண்டு தீட்டுவார்; எனக்கு அது கைவரவில்லை. கழுகுமலைப் பக்கம் கல் கொத்துகிறவர்களிடம் கொடுத்து அடியைச் சமமாக்கிவிடலாமா? இல்லை, இதை ஓரமாக வைத்துவிட்டுக் கடைக் கல்லே வாங்கிவிடலாமா?

— ஒரு வாசகர், திருவேங்கடம்

பதில்: தம்பி, அந்த அடிப்பக்கத்தில் உளி படவே வேண்டாம். ஏடு ஏடாகப் பெயர்கிறது என்றால் அது அடுக்கடுக்கான கல். கழுகுமலையில் வெட்டுவான் கோயிலை 8-ஆம் நூற்றாண்டில் மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கினார்கள். அது கட்டியான பாறை, உளியடியைத் தாங்கியது. உங்கள் கல்லில் ஓர் அடி தப்பாக விழுந்தால் அடுக்கோடு பிளந்துவிடும். மெஷினில் அறுத்தால் பறக்கிற தூசியும் நல்லதில்லை. கல் தூசி நுரையீரலில் படிந்துவிட்டால் போகாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அரிவாளின் வாய் உள்வளைவு. அகலமான தட்டைக் கல் அந்த வளைவின் இரண்டு பக்கத்தைத் தொடும், நடுவைத் தொடாது. வயிறு தள்ளிய பக்கமோ வளைவுக்குள் போய்ச் சரியாக உட்காரும். உங்கள் கல்லின் மேட்டைக் கையால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் தாத்தா அதைப் புரட்டிப் போட்டும் தீட்டியிருக்கிறார் என்று அர்த்தம். நீங்கள் குறை என்று நினைப்பது அந்தக் கல்லின் பாதி உபயோகம். அதனால் கல்லை மணைக்காக மாற்றாதீர்கள், கல்லுக்கு ஏற்ற மணை செய்யுங்கள். கல்லை அதில் ஒட்டிவிடவும் வேண்டாம். எடுத்து வைக்கும்படி இருக்கட்டும்.

வெளிநாட்டிலும் இதே வழக்கம்தான். பெல்ஜியத்தில் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் சவரக்கத்திக் கல்லைச் சதுரமாக அறுத்தால் நல்ல கல் வீணாகும் என்று, கோணல் துண்டுகளை அப்படியே விற்பதுண்டு. ஜப்பானில் கோணல் கல்லின் அடி உருவத்துக்கே மரக்கட்டையில் பள்ளம் தோண்டி உட்கார்த்துகிறார்கள்.

கல் ஆடுவது கைக்கு மட்டும் தொந்தரவு இல்லை. 7 செ.மீ. அகலக் கல்லில் ஓர் ஓரம் 3 மி.மீ. தூக்கினால் கோணம் ஏறக்குறைய இரண்டரை பாகை மாறிவிடும். ஒவ்வொரு இழுப்பிலும் இப்படி மாறினால் வாய் உருண்டுபோகும். அரிவாள் பளபளக்கும், குழையில் பட்டால் வழுக்கும். சாக்கு மடிப்பும் இதற்கு மருந்தில்லை. அது அமுங்கி அமுங்கி எழும்போது கோணமும் கூடவே மாறும்.

சில்லுகளை நாலைந்து இடத்தில் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பானை வைக்க அடுப்புக்கு மூன்று கல் போதும். நான்காவது வந்தால் ஏதாவது ஒன்று சும்மா நிற்கும், பானை ஆடும். உங்கள் கல்லுக்கும் அதே கணக்கு. மூன்று புள்ளியில் நிற்பது கரடுமுரடான தரையிலும் ஆடாது. ஆனால் கை அழுத்துகிற இடம் அந்த மூன்று புள்ளிக்கு உள்ளே விழ வேண்டும். அதனால் அழுத்தம் அதிகம் விழும் முனையில் இரண்டும், மறுமுனையில் ஒன்றும் இருக்கட்டும். எவ்வளவு அகட்டி வைக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது சிமெண்ட் மணை. செலவு குறைவு, கனமும் கிடைக்கும். 35 செ.மீ. நீளம், 18 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரத்துக்கு நான்கு சட்டத்தை அடித்துப் பெட்டியாக்குங்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல். தண்ணீர் கொஞ்சமாக விட்டு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் குழையுங்கள். உறை மாட்டிக்கொள்ளுங்கள்; ஈர சிமெண்ட் தோலை அரிக்கும். நடுவில் கோழிவலைத் துண்டு ஒன்றைப் போட்டால் பின்னால் விரிசல் விடாது. கல்லின் அடியில் மெல்லிய பாலிதீன் தாளைச் சுற்றி, லேசாக அசைத்தபடி கலவையில் அமுக்குங்கள். தாள் இல்லாவிட்டால் கல் கலவையின் நீரை உறிஞ்சிவிடும், சிமெண்டும் கல்லில் பிடித்துக்கொள்ளும். நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே கவனம் வேண்டும். கல்லின் வயிறு எங்கே மிக அகலமோ, கலவை அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்க வேண்டும். அதைத் தாண்டி ஏறினால் இறுகியபின் கல்லை வெளியே எடுக்க முடியாது. மேல் விளிம்பைச் சுற்றிலும் 2 செ.மீ. வெளியே தெரிய வேண்டும். அப்போதுதான் அரிவாள் மூக்கு மணையில் இடிக்காது. பள்ளத்தின் தாழ்ந்த இடத்திலிருந்து வெளியே வரும்படி எண்ணெய் தடவிய குச்சி ஒன்றைச் செருகி வையுங்கள். பிறகு உருவிவிட்டால் தண்ணீர் வடிய வழி கிடைக்கும்.

ஒரு நாள் கழித்துக் கல்லை எடுத்துவிட்டு, ஈரச் சாக்குப் போட்டு 7 நாள் மணையை நனைத்து வாருங்கள். அவசரப்பட்டு வெயிலில் காயவிட்டால் ஓரம் பொடிந்து உதிரும். மணையின் அடியில் சைக்கிள் டியூப்பை வெட்டி மடித்து மூன்று இடத்தில் ஒட்டுங்கள். 9, 10 கிலோ வரும். மிதிக்க வேண்டிய தேவையே இருக்காது.

மரத்தில்தான் வேண்டும் என்றால் பூவரசு அல்லது வாகையில் தடித்த பலகை எடுங்கள். சீமைக் கருவேலத்தில் நேரான துண்டு கிடைத்தால் அதையும் தள்ளாதீர்கள், காய்ந்தபின் சுருக்கம் குறைவான மரம் அது. கல்லின் அடியில் செங்காவி தடவிப் பள்ளத்தில் வைத்து எடுத்தால், படுகிற இடம் சிவப்பாகத் தெரியும். அந்த இடத்தைச் செதுக்கிச் செதுக்கி, கடைசியில் மூன்று இடம் மட்டும் தாங்கும்படி கொண்டுவாருங்கள். நனைந்தால் மரம் அகலவாக்கில் உப்பும். பக்கங்களில் கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒரு முனையில் ஆப்பு வைத்து இறுக்குங்கள். முந்திரி ஓட்டு எண்ணெய் பூசுகிறவர்கள் உண்டு. மரத்துக்கு நல்லது, தோலில் பட்டால் புண்ணாக்கும். சாதாரண வார்னிஷ் போதும்.

எதைச் செய்தாலும் வாசலில் மண்ணில் பதித்து வைக்காதீர்கள். உங்கள் பக்கத்துக் கரிசல் மழைக்கு உப்பி, கோடையில் வெடிப்பு விடுகிற மண். ரசமட்டம் பார்த்து வைத்த கல் ஐப்பசி மழையில் சாய்ந்துவிடும். திண்ணையிலோ சிமெண்ட் தளத்திலோ வையுங்கள். வயிற்றுப் பக்கம் தேவைப்படும்போது கல்லை எடுத்துப் புரட்டி, தட்டை முகம் கீழே போகும்படி ஒரு ரப்பர் துண்டின்மேல் வைத்தால் போதும்.

கடைக் கல்லும் ஒன்று வாங்கி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். கார்போரண்டம் கல் வேகமாகத் தின்னும். வேலியிலும் கல்லிலும் பட்டு வாய் பல்லுப் போனால் முதலில் அதில் போட்டு எடுங்கள். முடிக்கிற தீட்டலைத் தாத்தாவின் கல்லில் வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை தண்ணீர் விட்டுத் தீட்டிய கல் என்றால் எண்ணெய் விடாதீர்கள். துளைகளில் இரும்புத் தூளோடு எண்ணெய் அப்பிக்கொண்டால் கல் பிடிக்காது.