சோற்றுக்கு வந்தவர்

நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களுள் ஒன்றைத் தன்னகத்தே உடையது இளையாத்தங்குடி. கயிலாசநாதரும் நித்தியகல்யாணி அம்மையும் எழுந்தருளியுள்ள அவ்வூருக்குச் சென்ற விடுமுறையில் நண்பரொருவர் அழைப்பின்பேரில் நாம் போயிருந்தோம். ஊருணிக் கரையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எம்மை அருகிருத்திப் பெயரும் ஊரும் வினவினர். கிறிஸ்தவரென்று அறிந்ததும், "பஞ்சத்துல சோத்துக்காக வேதத்துல சேர்ந்தவுகதானே தம்பி உங்க பாட்டன் பூட்டனெல்லாம்?" என்றனர். அவர் சொல்லிற் பகையில்லை, கேள்வியுற்றதைக் கூறினார். ஆயினும் அச்சொல் எம் நெஞ்சிற் தைத்தது. அன்று வாயடைத்திருந்த நாம் இன்று விடை கூறப் புகுகின்றோம்.

அவர் கூறியது முற்றும் பொய்யன்று. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தின்போது திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடி வந்தனர். கால்டுவெல் ஐயர் அத்தியட்சரானதும் அப்பஞ்சத்தினிடையே, 1877ஆம் ஆண்டிலேதான். குடல் வற்றி வந்தவனை வாயிலில் நிறுத்தி, நீ வந்தது உடற்பசியினாலோ உயிர்ப்பசியினாலோ என்று ஆராய்வார் யாவர்? மழையிரவில் வந்த அடியார்க்குப் பகலில் விதைத்த நெல்லையே வாரிக் கொணர்ந்து அமுதளித்த இளையான்குடி மாறனார் (அது வேறூர், பெயரொலியால் நினைவு வந்தது) அவ்வாறு ஆராய்ந்தாரல்லர்.

நம் ஆண்டவரும் ஆராய்ந்தாரல்லர். யோவான் சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தை ஊன்றி நோக்குக. வாற்கோதுமை அப்பம் ஐந்தும் மீன் இரண்டும் கொண்டு 5,000 புருஷரை முதலில் உண்பித்தார். மறுநாள் அக்கூட்டம் கடல் கடந்து கப்பர்நகூமுக்குத் தேடி வந்தபோதுதான், வயிறு நிறைந்ததாலன்றோ என்னைத் தேடினீர்கள் என்னும் கருத்துப்படக் கடிந்து, தாமே ஜீவ அப்பம் என்றார். சோறிட்ட பின்னரே கடிந்தார் என்பது எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. அவ்வுரை கடினமென்று சீஷர் பலர் பின்வாங்கிப் போயினர். முன்னாள் அற்புதத்திற்கு அப்பால் அவர்கள் வேண்டியது ஒன்றுமில்லை போலும்.

இங்கே மொழி பயில்வோர்க்கு ஒரு செய்தி. அப்பம் என்பது தமிழர்க்குப் பணியாரவகையுள் ஒன்று, நாடோறும் உண்பதன்று. ஆகவே ஜீவ அப்பம் என்னுங்கால், அஃது இல்லாவிடினும் உயிர்வாழலாம் என்ற எண்ணம் நம்மவர்க்கு எளிதில் எழக்கூடும். கர்த்தருடைய ஜெபத்தில் நம் வேதமொழிபெயர்ப்பாளர் ஆகாரம் என்று வைத்தனர். நாம் அதனையே பெரிதும் விரும்புகின்றோம்.

இனி, எல்லாரும் சோற்றுக்கே வந்தனரென்பதும் பொருந்தாது. 1827இல் வைணவக் குடியிற் பிறந்து கம்பநாடர் கவியிற் தோய்ந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளை 1853 முதற் சாயர்புரத்தில் தமிழாசிரியராயிருந்தவர். மிஷன் சம்பளம் பெற்றும் ஐந்தாண்டு வைணவராகவே இருந்தனர். 1858இல் ஞானஸ்நானம் பெற்றனர். ஊதியம் முந்தியது, விசுவாசம் பிந்தியது. ஆதலின் ஊதியத்துக்காக விசுவாசித்தாரென்பதற்கு இடனில்லை. பனியன் இயற்றிய மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி 3,700க்கு மேற்பட்ட பாக்களால் அவர் பாடிய இரட்சணிய யாத்திரிகம் 1894இல் வெளிவந்தது. மனந்திரும்பி முப்பத்தாறாண்டு கழிந்தும் ஒருவர் ஒரே பொருளைப் பாடுகின்றாரெனின், பசி அடங்கவில்லை என்பதன்றி வேறென் சொல்வது?

எம் நிலைதான் இரங்கத்தக்கது. பஞ்சத்தில் வந்தவர்க்குப் பசியாவது இருந்தது, பிள்ளையவர்கட்கும் இருந்தது. தலைமுறை தலைமுறையாய் உண்டு பழகிய நாம் காலை மணி கேட்டு ஆலயத்துக்கு ஓடுவது பசியினாலா, வருகைப் பதிவேட்டினாலா? நண்பர்கள் நகைக்கலாம், எம்மளவில் இரண்டாவதே பெரும்பான்மை.

அம்முதியவரிடம் இவற்றுள் ஒன்றும் நாம் கூறவில்லை. அன்று நண்பகல் அவரே எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்துச் சென்று இலையிட்டார். நாம் கண்மூடி, கேளாக் குரலில் ஸ்தோத்திரம் சொல்லிக் கண் திறந்தபோது, அவரும் சோற்றிற் கைவையாது எமக்காகக் காத்திருந்தார்.