புரை நீக்கிய கண்ணில் மீண்டும் மங்கல்

கண்புரைக்கு ரண சிகிச்சை செய்துகொண்ட முதியோர் சிலர், சின்னாட் சென்றபின், "புரை திரும்பவும் வந்துவிட்டது" என வருந்தக் கேட்கின்றோம். அஃது உண்மையன்று. அம்மங்கலின் காரணத்தையும், பரிகாரத்தையும், அதன்பின் பார்வை மாறும் வகையையும் ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம்.

கருமணிக்குப் பின்னே பளிங்கு போன்ற வில்லையொன்று மெல்லிய உறைக்குள் அமைந்துள்ளது. அவ்வில்லை மங்குவதே புரை. வைத்தியர் உறையின் முன்புறத்தைத் திறந்து, மங்கிய வில்லையை அகற்றிச் செயற்கை வில்லையை உள்ளே வைப்பர்; பின்புற உறையை இருந்தபடியே விடுவர். செயற்கை வில்லையை 1949-இல் லண்டனில் முதன்முதல் பொருத்தியவர் ஹாரல்ட் ரிட்லி என்பவர். உறையின் ஓரத்தில் எஞ்சிய நுண்ணிய உயிரணுக்கள் பெருகிப் பின்னுறைமேற் படருமாயின், பனி படிந்த கண்ணாடிபோல் அது மங்குகிறது. எழுத்துக் கலங்கும், இரவில் விளக்கொளி சிதறும்.

முன்னாளில் இவ்வுறையைக் கருவி கொண்டு கீறினர். 1980-ஐ ஒட்டிப் பாரிசில் டானியேல் ஆரோன்-ரோசா அம்மையாரும், சுவிட்சர்லாந்தில் ஃபாங்க்ஹவுசரும் யாக் லேசரை இதற்குப் பயன்படுத்தினர். இதன் ஒளி 1064 நானோமீட்டர் அலைநீளமுடையது, கண்ணுக்குப் புலனாகாதது. ஆதலின் குறி பார்க்கச் செவ்வொளியொன்று துணை செய்யும். ஒளி குவியும் புள்ளியில் நுண்ணிய வெடிப்பு உண்டாகி உறையைத் துளைக்கிறது. கண்ணை அறுப்பதில்லை, சில நிமிடங்களில் முடியும், பெரும்பாலும் வலியில்லை.

இனி, பார்வை மாறும் வகையைக் காண்போம். கருமணியை விரிக்கும் மருந்தினால் முதற் சில மணி நேரம் மங்கலும் கூச்சமும் இருக்கும். மறுநாளோ சில நாட்களிலோ தெளிவு பிறக்கும். உறையின் துணுக்குகள் கரும்புள்ளிகளாயும் இழைகளாயும் சில வாரம் மிதந்து தோன்றலாம். அவை நாளடைவிற் குறையும். கண்ணின் அழுத்தம் சில மணி நேரத்தில் உயரக்கூடுமாதலின், அதனை அளந்து பார்த்தலும் மருந்திடுதலும் உண்டு. விழித்திரையிலோ நரம்பிலோ வேறு நோயிருப்பின், அதனால் வந்த குறையை லேசர் நீக்காது.

நிற்க. சில புள்ளிகள் இயல்பே என்றெண்ணி அபாயக் குறிகளைப் புறக்கணித்தலாகாது. கண்ணில் மின்னல் போன்ற ஒளி தோன்றுதல், புள்ளிகள் திடீரெனப் பெருகுதல், ஒருபுறம் திரை விழுந்தாற்போல் மறைதல் ஆகியன விழித்திரை பிரிதலைக் குறிக்கலாம். கிட்டப்பார்வையுடையார்க்கு இவ்வச்சம் மிகுதி. இக்குறிகள் தோன்றின் அன்றே வைத்தியரை அடைதல் வேண்டும். சில வாரங்கழித்துப் பார்வையின் நடுப்பகுதி கலங்கினும் காலந்தாழ்த்தலாகாது.

ஒரு கண் குன்றினும் மற்றது அக்குறையை மறைத்துவிடும். ஆதலின் விடுமுறையில் இல்லம் செல்லும் மாணவர், தம் பாட்டன் பாட்டியரை ஒவ்வொரு கண்ணாக மூடிப் படித்துப் பார்க்கச் செய்வாராக.