கையடக்கக் கருவியில் கதையும் புதிரும்: இடைப்பொழுது ஆட்டக்காரரை அவை ஈர்த்தனவா?

உவகை பிறக்கும் நிலைக்களன்களாகச் செல்வம், புலன், புணர்வு, விளையாட்டு என நான்கினைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் கூறினார். செய்யுளியலிலோ யாப்பின் வகை ஏழனுள் ஒன்றாகப் பிசியைச் சேர்த்தார். பிசி என்பது இன்று நாம் விடுகதை என்றும் புதிர் என்றும் வழங்குவதே ஆகும். விளையாட்டிற்கும் புதிருக்கும் இலக்கண நூலே இடமளித்த மொழியைப் பயிலும் நாம், கைக்குள் அடங்கும் கருவிகளில் கதையும் புதிருமாய் வரும் இக்கால விளையாட்டுகளை ஆராயத் தயங்க வேண்டுவதில்லை. தமிழ்த்துறை மலரில் இதற்கென்ன வேலை என்று பெரியோர் சிலர் வினவக்கூடும். அதற்குரிய விடை கட்டுரையின் போக்கிலேயே புலப்படும்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் புறநகர் மின்தொடர் வண்டியை நம் மாணவருட் பலர் நன்கறிவர். ஏறத்தாழ 48 கிலோமீட்டர். ஒரு மணி நேரத்திற்கும் மேலான பயணம். சிப்காட் தொழிற்பேட்டைக்கு ஷிப்டு வேலைக்குச் செல்வோரும், பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்து மாணவரும் அதில் நெருக்கியடித்துக்கொண்டு வருவர். திருவள்ளூர் வண்டியிலும் இதே காட்சிதான். இருக்கை கிடைத்தவர் கையில் செல்பேசி. அதில் லூடோ, அல்லது வண்ண மிட்டாய்களை வரிசை சேர்க்கும் ஆட்டம். அத்திப்பட்டில் கூட்டம் ஏறினால் கருவி சட்டைப்பைக்குள் போகும்; மீஞ்சூரில் சற்று இடம் கிடைத்தால் மீண்டும் வெளியே வரும். இவ்வாறு ஒரு வேலைக்கும் மற்றொரு வேலைக்கும் நடுவே கிடைக்கும் சிறு பொழுதில் ஆடி, வருத்தமின்றி நிறுத்திவிடுவோரையே ஈண்டு ‘இடைப்பொழுது ஆட்டக்காரர்’ என்கிறோம். ஆட்டமே தொழிலாய்ப் பல மணி நேரம் அமர்ந்திருப்போர் வேறு.

விளையாட்டு என்றதும் இணையவழி ரம்மியில் பணத்தை இழந்த குடும்பங்களே பெரியோர் நினைவிற்கு வருகின்றன. அவ்வச்சம் நியாயமானது. 2022இல் தமிழகச் சட்டமன்றம் அதற்கெனவே தடைச் சட்டம் இயற்றியது. ஆனால் பணம் வைத்து ஆடும் சூது வேறு, கதை கேட்கும் ஆவலால் ஆடும் ஆட்டம் வேறு. பின்னதைப் பற்றியதே இக்கட்டுரை.

கதைத்தேடல் விளையாட்டு

‘அட்வெஞ்சர் கேம்’ எனப்படுவதனை நாம் கதைத்தேடல் விளையாட்டு என்போம். இதன் மூதாதை 1970களின் நடுவில் அமெரிக்காவில் வில் குரோதர் என்பவர் கணிப்பொறியில் எழுதிய குகை விளையாட்டு. தாம் நேரில் இறங்கி ஆராய்ந்த கெண்டக்கி மாநிலக் குகையொன்றினை அவர் சொற்களால் அமைத்தார். 1977இல் டான் உட்சு அதனை விரிவாக்கினார். அதில் படமே இல்லை. குகையின் ஓரிடத்தை விவரிக்கும் வாக்கியங்கள் திரையில் தோன்றும். ஆடுபவர் ஒன்றிரண்டு சொற்களைத் தட்டச்சிட்டு மேலே செல்ல வேண்டும். பூட்டிய கதவின் முன் சாவியறியாது நின்றால் நாட்கணக்கில் நிற்க வேண்டியதுதான்.

இவ்விடத்தில் நம் பழங்கதைகளை ஒப்பு நோக்குவது பயன்தரும். விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் ஒவ்வொரு கதையின் முடிவிலும் வினா எழுப்புகிறது. இசுலாமியத் தமிழிலக்கியத்தில் மசலா என்றே ஒரு வகை உண்டு. வண்ணப்பரிமளப் புலவரின் ஆயிரம் மசலா (1572) வினாவிடையால் நடப்பது. நூறு மசலாவில் இளவரசி நூறு வினாக்கள் தொடுக்க, இளவரசன் விடையளித்து அவளை மணக்கிறான். இவற்றிலெல்லாம் விடை சொல்ல வேண்டியவன் கதைத்தலைவன். நாம் திண்ணையில் சாய்ந்துகொண்டு கேட்கலாம். நமக்கு விடை தெரியாவிட்டாலும் கதை நிற்காது. கதைத்தேடல் விளையாட்டிலோ விடை சொல்ல வேண்டியவர் ஆடுபவரே. அவருக்குத் தெரியவில்லையெனில் கதை அங்கேயே நின்றுவிடுகிறது. பொழுது மிக்கவருக்கு அந்நிறுத்தமே இன்பம். பொன்னேரியில் இறங்க வேண்டியவருக்கு அதுவே வெறுப்பு. கையடக்கக் கருவிக்கு வந்த இவ்வகை விளையாட்டுகளின் வெற்றி தோல்வியெல்லாம் இந்த ஓரிடத்தில்தான் தங்கியுள்ளது என்பது எம் கருத்து.

இரண்டு ஜப்பானிய விளையாட்டுகள்

1989இல் நின்டென்டோ நிறுவனத்தின் கேம்பாய் வந்தபோது பெரியவர்களும் அதைக் கையிலெடுத்ததற்குப் பெருங்காரணம் டெட்ரிசு. அதில் கதை கிடையாது. விழும் கட்டைகளை அடுக்கினால் போதும். கதைக்கு நல்வாய்ப்பு அந்நிறுவனம் 2004இன் இறுதியில் வெளியிட்ட இரட்டைத் திரை டி.எஸ். கருவியால் வந்தது. கீழ்த்திரையை எழுதுகோல் போன்ற சிறு குச்சியால் தொட்டாலே போதும். பொத்தான்களைப் பழக வேண்டுவதில்லை. உலகெங்கும் 15 கோடிக்கும் மேல் விற்ற கருவி அது. அதற்கு முன் விளையாட்டுக் கருவியையே தொட்டறியாத முதியோரும் இல்லத்தரசியரும் அதனை வாங்கினர்.

அக்கருவிக்கு 2007இல் வந்த இரு விளையாட்டுகளை நோக்குவோம். ஒன்று, ‘ஓட்டல் டஸ்க்’. சிங் என்னும் சிறு நிறுவனத்தின் படைப்பு. கருவியை நூல்போல் செங்குத்தாகப் பிடித்து ஆட வேண்டும். பழைய விடுதியொன்றில் தங்கும் முன்னாள் காவலர் ஒருவரின் துப்பறியும் கதை. பாத்திரங்கள் பென்சில் கோட்டோவியமாய் அசையும். நாவல் படிப்போர்க்கென்றே செய்தது போன்ற அழகிய ஆக்கம். ஆயினும் உரையாடலில் தவறான விடை தந்தால் ஆட்டம் முடிந்துவிடும். புதிர் ஒன்றில் கருவியின் மூடியையே மூடித் திறக்க வேண்டும் என்பதை ஆடுபவர் தாமே கண்டறிய வேண்டும். அறிந்தோர் கொண்டாடினர்; அந்நிறுவனம் 2010இல் நொடித்துப்போயிற்று.

மற்றது, ‘பேராசிரியர் லேட்டன்’. 1966 முதல் புதிர் நூல்கள் எழுதி ஜப்பானில் இல்லந்தோறும் அறியப்பட்ட உளவியல் பேராசிரியர் அக்கிரா தாகோ அதற்குப் புதிர்கள் அளித்தார். தீக்குச்சிப் புதிர், ஆற்றைக் கடக்கும் புதிர் என நம் பாட்டிமாரும் அறிந்த வகைகள். தொப்பியணிந்த பேராசிரியரும் ஒரு சிறுவனும் விசித்திரமான ஊர் ஒன்றிற்குச் செல்கின்றனர். எதிர்ப்படுவோரெல்லாம் புதிர் போடுகின்றனர். தெரியாவிட்டால் குறிப்புக் காசு ஒன்றைச் செலவிட்டு உதவி பெறலாம். தவறினால் மதிப்பெண் சற்றுக் குறையும், அவ்வளவே. தவறவிட்ட புதிர்களைப் பாட்டி ஒருத்தி சேர்த்து வைத்திருந்து பின்னர் தருவாள். இவற்றினும் நுட்பமான ஏற்பாடு ஒன்றுண்டு: நிறுத்திய ஆட்டத்தை மீண்டும் தொடங்கியதும் இதுவரை நடந்த கதையைச் சில வரிகளில் அது நினைவூட்டும். வாரப் பத்திரிகைத் தொடர்கதையில் ‘முன்கதைச் சுருக்கம்’ படித்து வளர்ந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். லேட்டன் வரிசை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்றது.

கதைத்தேடல் விளையாட்டு இடைப்பொழுது ஆட்டக்காரரை ஈர்க்காது என்று முன்பு சொல்லப்பட்ட கூற்று இதனால் பொய்த்தது. ஈர்த்தது எது? எளிமை என்று விரைந்து கூறிவிடுதல் பொருந்தாது. லேட்டனின் புதிர்கள் பல கடினமானவையே. தடுமாறுபவரைத் தண்டிக்காமை, போனவர் திரும்பி வருவதற்கு வழி வைத்திருத்தல் ஆகியவையே காரணம் எனலாம்.

வெண்பா

இனி நமக்கு உரியதொன்றைக் காண்போம். 2023 சூலையில் கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள விசை கேம்சு என்னும் சிறு குழு, அபி என்னும் தமிழரின் தலைமையில், ‘வெண்பா’ என்ற விளையாட்டை வெளியிட்டது. நின்டென்டோ சுவிட்ச் என்னும் கையடக்கக் கருவியிலும் பிற கருவிகளிலும் அதனை ஆடலாம். 1980களில் தமிழகத்திலிருந்து கனடாவிற்குக் குடிபெயர்ந்த வெண்பா, அவள் கணவன் பாவலன், மகன் கவின் ஆகியோரின் கதை. வெண்பா யாப்பிற்குரிய ஓசை செப்பலோசை. உரையாடலாலேயே நடக்கும் கதைக்கு அப்பெயர் பொருத்தமே. 2024இல் பிரிட்டனின் பாப்டா அமைப்பு முதற்படைப்பிற்கான விருதினை இதற்கு அளித்தது. தனித்தியங்கும் விளையாட்டுப் படைப்போருக்கான ஐ.ஜி.எப். விழாவின் தலைமைப் பரிசும் அவ்வாண்டே கிட்டியது.

இவ்விளையாட்டின் புதிர்கள் அனைத்தும் அடுக்களைப் புதிர்கள். தாய் தந்த சமையற்குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்த வரிகளை ஊகித்து இட்டிலியும் புட்டும் பிரியாணியும் ஆக்க வேண்டும். தவறினால் மீண்டும் செய்யலாம். ஒவ்வொரு சமையலும் ஓர் அத்தியாயம். இடையே மகன் வளர்கிறான். தமிழை விட்டு விலகுகிறான். தாய்க்கும் மகனுக்கும் நடுவே மொழி சுவராகிறது. முழுக்கதையும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. கும்மிடிப்பூண்டி வண்டியில் ஒருமுறை போய்வரும் பொழுதுகூட ஆகாது.

அயல்நாட்டிலிருந்து வந்த உறவினர் ஒருவரின் கருவியில் இதனை நாம் ஆடிப் பார்த்தோம். துப்பாக்கி விளையாட்டுகளில் வல்லவரான நம் மாணவர் ஒருவர் முதல் புதிரிலேயே தடைப்பட்டார். மாவை ஊற்றிய தட்டுகளைப் பாத்திரத்துள் அடுக்க வேண்டும், அவர் ஒன்றன்மேல் ஒன்றாக நேர்நேராக அடுக்கினார், இட்டிலி வேகவில்லை. சிப்காட் ஆலையொன்றின் கேண்டீனில் சமையல் வேலை செய்யும் அவர்தம் அன்னை அருகிலிருந்து பார்த்துவிட்டு, “ஆவி மேல வர வழி விட வேணாமாடா? தட்டைத் திருப்பி வை” என்றார். பின்னர் கருவியைத் தாமே வாங்கிக்கொண்டார். அதற்குமுன் அவர் செல்பேசியில் லூடோகூட ஆடியதில்லை. ஓர் ஆட்டத்தின் கடினம் எளிமை என்பதெல்லாம் ஆடுபவரின் வாழ்வில் உள்ள அறிவினைப் பொறுத்தது என்பதனை அன்று கண்கூடாகக் கண்டோம். நம் நாட்டில் உருவான லூடோ கிங் 2020 ஊரடங்கில் வீடுதோறும் பரவியதும் இதனாலேயே. தாயம் உருட்டியவர்க்கு அதன் விதியை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

குறைகளையும் மறைத்தல் கூடாது. கொடுத்த பணத்திற்குக் கதை குறுகியது என ஆட்டத்தில் பழகியோர் குறைபட்டனர். புதிர்கள் ஆழமற்றவை என்பாரும் உளர். அதிலும் உண்மை இருக்கிறது. ஒருமுறை முடித்தவர் மீண்டும் ஆடுதற்குக் காரணம் குறைவு. சுவிட்ச் கருவியோ நம் பகுதித் தொழிலாளர் வாங்கத்தக்க விலையினது அன்று.

இவற்றினும் எம்மை உறுத்தியது வேறொன்று. நாம் ஆடியபோது திரையின் எழுத்துகள் ஆங்கிலத்தில் இருந்தன. இட்டிலித் தட்டை அடுக்க அந்த அன்னைக்கு எவர் துணையும் தேவைப்படவில்லை. வெண்பா என்ன பேசுகிறாள் என்றறிய மட்டும் மகன் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. மொழியால் மகனிடமிருந்து பிரியும் தமிழ்த்தாயின் கதையைத் தமிழ்த்தாய் ஒருவர் மொழிபெயர்ப்பில் கேட்க நேர்ந்தது. அம்மாணவரோ இளங்கலைத் தமிழ் பயில்பவர். சில இடங்களில் சொல் கிடைக்காமல் தடுமாறினார். சில இடங்களில் மூலத்தினும் நன்றாகவே சொன்னார் என்பது எம் மதிப்பீடு. விளையாட்டிற்கு உரையாடல் எழுதுதலும் மொழிபெயர்த்தலும் இன்று ஊதியம் தரும் தொழில்கள். நம் வண்டியில் பயணிப்போர் கையிலுள்ள மலிவான செல்பேசியில், அவர்தம் மொழியில், அத்திப்பட்டிற்கும் மீஞ்சூருக்கும் இடையே ஆடி முடிக்கத்தக்க கதையினை எழுதுதற்குத் தமிழ்த்துறை மாணவரினும் தகுதியுடையார் யாவர்? பிசியும் மசலாவும் அவர்தம் பாடத்திலேயே உள்ளன.

இட்டிலி வெந்து அடுத்த அத்தியாயம் தொடங்கும் முன்னரே, இரண்டாம் ஷிப்டுக்கு ஆலைப் பேருந்து வந்துவிட்டது. அந்த அன்னை கருவியை மகனிடம் தந்து, “நாளைக்கு எடுத்தா விட்ட இடத்துலேர்ந்து வருமா சார்?” என எம்மைக் கேட்டார். வரும் என்றோம்.