அறிவிப்பு வார்ப்புருவுக்கு என்ன பெயர்?

கேள்வி: பயனர் கணக்கு தொடர்பாகத் தானாகச் செல்லும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி வார்ப்புருக்களுக்கு எப்படிப் பெயரிடுவது?

பதில்: வார்ப்புருவின் பெயர் நான்கு விவரங்களைச் சொல்ல வேண்டும்: பிரிவு, நிகழ்வு, அனுப்பும் வழி, மொழி. ‘கணக்கு_கடவுச்சொல்மீட்பு_மின்னஞ்சல்_தமிழ்’ என்பது ஓர் எடுத்துக்காட்டு. இந்த வரிசை மாறாதிருந்தால், அகர வரிசையில் அடுக்கும்போது ஒரே நிகழ்வுக்குரிய மின்னஞ்சலும் குறுஞ்செய்தியும் அடுத்தடுத்து நிற்கும். ஆங்கிலத்தில் பெயரிடுவோர் சிற்றெழுத்துகளை மட்டும் பயன்படுத்துவது நல்லது. ஏனெனில் லினக்ஸில் கோப்புப் பெயர்களின் பெரிய எழுத்தும் சிற்றெழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும்.

நிகழ்வைக் குறிக்கும்போது கோரிக்கையையும் நிறைவையும் பிரித்துக் காட்ட வேண்டும். ‘மீட்புக் கோரிக்கை’ கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பைத் தாங்கிச் செல்வது. ‘கடவுச்சொல் மாற்றப்பட்டது’ பாதுகாப்பு எச்சரிக்கை. இரண்டுக்கும் ‘கடவுச்சொல்’ என்றே பெயரிட்டால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்று போய்விடும். ‘புதியது’, ‘இறுதி’ போன்ற ஒட்டுகளும் குழப்பம் தருபவை. கடைசியில் பதிப்பு எண் போதும்.

இந்தியாவில் குறுஞ்செய்திக்குக் கூடுதல் விதி உண்டு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, நிறுவனங்கள் அனுப்பும் குறுஞ்செய்தி வார்ப்புருக்கள் டிஎல்டி எனும் பகிர்ந்த பேரேட்டுத் தளத்தில் பதிவாகி அடையாள எண் பெற வேண்டும். வாசகம் மாறினால் புதிதாகப் பதிய வேண்டியிருக்கும். ஆகவே அந்த எண்ணைப் பெயரில் சேர்க்காமல் தனிப் பட்டியலில் வைப்பதே வசதி.