தோட்டத்தில் தானாக முளைத்த செடி: இனங்காணலும் வித்துப் பகிர்தலும்

கலஹாப் பகுதியில் வயல் வரம்பிலோ, குப்பையெரு இட்ட மரக்கறிப் பாத்தியிலோ, விதைக்காத செடியொன்று முளைப்பது புதுமையன்று. அதனைக் கண்டவுடன் பிடுங்கி எறிதலும் தவறு. பெயரறியாது அதன் வித்தை அயலவருக்கு வழங்குதல் அதனினும் பெருந்தவறு.

ஊமத்தையின் இளஞ்செடி கத்தரி நாற்றைப் போலத் தோன்றும். இரண்டும் ஒரே குடும்பத்தன. ஆயின், ஊமத்தையின் பூ நீண்ட குழல் வடிவானது. காய் முள் நிறைந்தது. எல்லாப் பாகங்களும் நஞ்சுடையன. ஆகவே, இலையை மாத்திரம் கொண்டு முடிவு செய்யற்க. பூவும் பிஞ்சும் தோன்றும்வரை பொறுத்திருக்க; பெயர் தெரியுமுன் காயை முற்றி வெடிக்க விடலாகாது. சுவைத்துப் பார்த்தல் ஒருபோதும் ஆகாது.

இலை, பூ, பிஞ்சு ஆகியன உள்ள சிறு கிளையைப் பழைய பத்திரிகைத் தாள்களுக்கிடையே அழுத்தி உலர்த்துக. கண்ட இடம், நாள், செடியின் உயரம், பூவின் நிறம் என்பவற்றைக் குறித்து விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. மேலும் ஐயம் இருப்பின், பேராதனைத் தாவரவியற் பூங்காவிலுள்ள தேசிய உலர்தாவரசாலையை நாடுக.

பயன்தரும் பயிரென உறுதியானால், நோயற்ற செடியின் முற்றிய வித்துக்களை நிழலில் நன்கு உலர்த்தி, பெயரும் சேகரித்த நாளும் எழுதிய போத்தலில் காற்றுப் புகாவண்ணம் அடைத்து, அயலவருடன் பகிர்க. அரிய பழைய இனமாயின், கன்னொறுவையிலுள்ள பயிர் மரபணு வள நிலையத்துக்கும் அறிவிக்க.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பூவின் அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழை எனும் ஆகாயத்தாமரை, பரவி நீர்நிலைகளை அடைத்தது. அதனை ஒழிக்க 1909இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. எனவே, கமக்காரரே, பெயர் அறிந்த பின்னரே வித்தைக் கொடுப்பீர்.